அஞ்சறைப் பெட்டியில் ஒரு மருந்தகம்

சகோதரிகளே! ஐப்பசி மழை தொடங்கியதும் வீட்டில் முதலில் தும்முவது பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைதான். இரண்டே நாட்களில் வீடு முழுவதும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும். நம் உம்மம்மாமார் அந்நாளில் மருந்துக் கடைக்கு ஓடவில்லை. அஞ்சறைப் பெட்டியைத்தான் திறந்தார்கள்.

சுவனவாசிகளுக்குப் புகட்டப்படும் பானத்தில் இஞ்சி கலந்திருக்கும் என்று திருக்குர்ஆன் (76:17) கூறுகிறது. அந்த இஞ்சி காய்ந்தால் சுக்கு. விரல் நீளச் சுக்கு ஒன்றை மேல்தோல் சீவித் தட்டிக்கொள்ளுங்கள். மூன்று மேசைக்கரண்டி கொத்தமல்லி விதையை இளஞ்சூட்டில் வறுத்து, மிளகு 10, திப்பிலி 4, ஏலக்காய் 2 சேர்த்துப் பொடியுங்கள். ஒரு குவளை நீருக்கு ஒரு தேக்கரண்டி பொடி, சிறிது பனைவெல்லம். பாத்திரத்தை மூடியே கொதிக்க வையுங்கள். திறந்து வைத்தால் மணத்தோடு அதன் சாரமும் ஆவியாகிவிடும். இது சளியை ஒரே நாளில் விரட்டிவிடாது. தொண்டைக்கு இதம் தரும். அடைத்த மூக்கு சற்றே திறக்கும்.

கருஞ்சீரகத்தின் சிறப்பை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்திருப்பது புகாரி ஹதீஸில் பதிவாகியுள்ளது. அதை இலேசாக வறுத்து, துணியில் முடிந்து முகர்வது நம் வீடுகளின் வழக்கம். ஆனால் நோய்க்குச் சிகிச்சை செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் அவர்களே என்பதை மறந்துவிடலாகாது.

தேனில் நிவாரணம் இருப்பதாக அந்நஹ்ல் அத்தியாயம் (16:69) கூறுகிறது. ஒரு வயது கடந்த பிள்ளைக்கு உறங்குமுன் அரைத் தேக்கரண்டி கொடுத்தால் இருமல் தணியும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கோ ஒரு துளியும் கூடாது! தேனில் சில வேளை ஒருவகை நுண்கிருமியின் வித்துக்கள் இருக்கும். பெரியவர்களின் குடல் அவற்றைத் தாங்கிக்கொள்ளும். பச்சிளம் குடலிலோ அவை முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மூச்சே தடைப்படலாம். கஷாயத்தில் கலந்து காய்ச்சினாலும் அவ்வித்துக்கள் அழிவதில்லை. பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தடவும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. நபிகளார் தஹ்னீக் செய்தது மென்ற பேரீச்சம்பழத்தால் என்பதை மாமியாரிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். அவர் மனம் கோணுமே என்று வாய்மூடி இருந்துவிடாதீர்கள்.

காய்ச்சலுக்கும் கஷாயம் உண்டுதான். எனினும் மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு உடல் சுட்டால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். மழைக்காலத்தில் டெங்குவும் வரும். டெங்குவில் காய்ச்சல் தணியும் நாளே சிலருக்கு ஆபத்தின் தொடக்கம். ஆகவே காய்ச்சல் விட்டதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடாமல், இரண்டு நாள் அருகிருந்து கவனியுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து கிடத்தல் இவற்றில் ஒன்று தென்பட்டாலும், இரவு எத்தனை மணியானாலும், மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.