288 ப்ராசஸர் போட்டா 288 மடங்கு வேகம் வருமா?

எங்க ஊர் இலத்தூர் பக்கம் நடவு நடக்கிறப்ப வயல்ல பத்து பேர் இறங்கினா ஒரு நாள் வேலை. இருபது பேர்னா அரை நாள். சரி, இருநூறு பேரை இறக்கினா? நாற்றுமுடி எடுத்துப் போட ஆள் ஒருத்தர்தான்னா, பாதிப் பேர் வரப்புல நின்னு கதை பேசிக்கிட்டிருப்பாங்க. கம்ப்யூட்டர் கிளஸ்டர்லயும் இதே கதைதான்.

சென்னை தரமணியில இருக்கிற கணித அறிவியல் நிறுவனம் 2004-ல 'கப்ரூ'ன்னு ஒரு கிளஸ்டர் கட்டினாங்க. 144 கம்ப்யூட்டர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஜியான் ப்ராசஸர், மொத்தம் 288. குவார்க்குகள் பத்தின இயற்பியல் கணக்குகளுக்காக. அந்தக் கணக்குல பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள்தான் அதிகம் பேசிக்கும். அதனால கம்ப்யூட்டர்களையும் அண்டை வீடு மாதிரி முப்பரிமாண வலையில இணைச்சாங்க.

இப்போ அளவு. 2.4 கிகாஹெர்ட்ஸ்னா நொடிக்கு 240 கோடி துடிப்பு. துடிப்புக்கு 2 கணக்கு. 288-ஆல பெருக்கினா நொடிக்கு 1.38 லட்சம் கோடி. இது காகிதத்துல வர்ற வேகம். லின்பேக் சோதனையில கிடைச்சது சுமார் 1 லட்சம் கோடி, அதாவது ஏறக்குறைய 70 சதவீதம். மீதி எங்க போச்சு? பெரும்பாலும் காத்திருப்புல.

லின்பேக் ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்கும். அதோட அளவை இரட்டிப்பாக்கினா தரவு 4 மடங்கு ஆகும், வேலை 8 மடங்கு ஆகும். அதனால கணக்கு பெருசாக ஆக, பேச்சு குறைஞ்சு வேலை கூடும். ஆனா மெமரி நிரம்பி வழிஞ்சு டிஸ்க்குக்குப் போயிட்டா, அவ்வளவுதான், வேகம் படுத்துடும். மெமரியில 80 சதவீதம் வரைக்கும் நிரப்புறது வழக்கமான கணக்கு. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் தனியா சோதிக்கணும். ஃபேன்ல தூசி அடைச்ச ஒண்ணு போதும், மத்த 143-ம் அதுக்காகக் காத்துக் கிடக்கும்.

ஆனா பாஸ், லின்பேக் கொஞ்சம் முகஸ்துதி பண்ற சோதனை. அமெரிக்காவோட ஃப்ரான்டியர் அதுல நொடிக்குப் பத்து லட்சம் லட்சம் கோடிக்கு மேல கணக்குப் போடும். அதே மெஷின், மெமரியை அதிகம் நோண்டுற ஹெச்பிசிஜி சோதனையில அதுல சுமார் 1 சதவீதம்தான் எடுக்குது. நிஜ ப்ரோகிராம்கள் பலதும் இந்த ரெண்டாவது ரகத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு.

அப்புறம் ஆம்டால் விதி. உங்க ப்ரோகிராம்ல வெறும் 5 சதவீதத்தைப் பிரிக்க முடியலைன்னு வைங்க. 288 ப்ராசஸர் போட்டாலும் 19 மடங்கு வேகம்கூட வராது. நாற்றுமுடி ஆள் ஞாபகம் இருக்கா?

"காலேஜ் லேப்ல எட்டு பிசி இருக்கு, கிளஸ்டர் ஆக்கலாமா"ன்னு கேக்குறவங்களுக்கு: தாராளமா. உங்க சொந்த ப்ரோகிராமை 1, 2, 4, 8-ன்னு ஓட்டி நேரத்தைக் குறிச்சு வைங்க. 4-க்கும் 8-க்கும் நடுவுல நேரம் குறையலைன்னா ஒன்பதாவது பிசிக்குக் காசு கேக்காதீங்க, முதல்ல அந்த ஸ்விட்சையும் கேபிளையும் பாருங்க.