கணினி நிலப்படமும் காப்பியக் கல்வியும்

காப்பியம் பயிலும் மாணவர்க்கு இடப்பெயர்கள் பெரும்பாலும் வெறும் பெயர்களாகவே நின்றுவிடுகின்றன. உரையாசிரியர் காட்டும் ஊரும் ஆறும் மலையும் தேர்வுக்குரிய குறிப்புகளாகச் சுருங்கிவிடுகின்றன. இக்குறையை நீக்குதற்குக் கணினி நிலப்படம் பெரிதும் துணைபுரியும் என்பது எம் கருத்து. சிலப்பதிகாரத்துள் கோவலனும் கண்ணகியும் புகாரினின்று மதுரைக்குச் சென்ற வழியைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவாம்.

இதற்கு வேண்டும் கருவிகள் கிடைத்தற்கு அரியன அல்ல. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த கூகுள் எர்த்தில் ஊர்களைக் குறித்து, அவற்றிடையே கோடிட்டுத் தொலைவை அளக்கலாம். கியூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில், காப்பியம் கூறும் இடங்களை ஓர் அடுக்காகவும், ஆறும் மலையும் பிறிதோர் அடுக்காகவும், இக்காலச் சாலைகளை மற்றோர் அடுக்காகவும் அமைத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் காணலாம்.

முதற்கண் தொலைவை நோக்குவாம். புகார், அரங்கம், உறையூர், கொடும்பாளூர், மதுரை ஆகியவற்றை நேர்கோடுகளால் இணைப்பின் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஆகிறது. நாடுகாண் காதையில், ஒரு காவதம் நடந்த அளவிலேயே தளர்ந்த கண்ணகி, மதுரை யாது என வினவுகிறாள். கோவலன் முப்பது காதத்தை ஆறும் ஐந்துமாகப் பிரித்து, அண்மையது போலத் தோன்ற நகைத்து விடையிறுக்கிறான். காதம் என்பது பத்து மைல் எனக் கொள்வாரும் உளர். அங்ஙனமாயின் முப்பது காதம் 300 மைல், அதாவது ஏறக்குறைய 480 கிலோமீட்டர் ஆகும். இது நிலப்படம் காட்டும் அளவினும் ஏறத்தாழ இருமடங்கு. நிலப்பட அளவை முப்பதால் வகுப்பின், ஒரு காதம் எட்டுக் கிலோமீட்டரை ஒட்டி அமையும். நடைவழி வளைந்து செல்லுமாதலின் இது சிறிது மிகலாம், இருமடங்காதல் அரிது. முப்பது காதம் தம் அகநாட்டுக்கு அப்பால் எனக் கோவலன் கூறுதலின், அளவு எவ்விடத்துத் தொடங்கிற்று என்னும் வினாவும் எழும். நாட்டெல்லையினின்று எனின், காதம் இன்னும் குறுகும். நாளொன்றுக்கு ஒரு காவதத்தின் மேற் செல்லாமல் நடந்தனர் எனக் காப்பியம் கூறுதற்கும் இச்சிறிய அளவே இயைவதாகும்.

இனி, வழியை நோக்குவாம். கொடும்பாளூரை அடுத்து வழி மூன்றாகப் பிரியும் என மாங்காட்டு மறையோன் காடுகாண் காதையில் உரைக்கிறான். வலவழியிற் சிறுமலையும் இடவழியில் அழகர்மலையாகிய திருமால்குன்றமும் உள்ளன. மலையடுக்கை விரித்துக் காணின், மதுரைக்கு வடக்கே, சற்று மேற்காகச் சிறுமலையும் சற்றுக் கிழக்காக அழகர்மலையும் நிற்பதும், அவற்றிடையே நிலம் தாழ்ந்து வழிவிடுவதும் புலனாகும். மறையோன் கூற்று நிலத்தோடு பொருந்துகிறது. ஆயின், அவர்கள் நடந்தது இடைவழியாகும். அவ்வழிக்கு ஊர் இடையிட்ட காடு கூறப்பட்டதேயன்றி, ஒரு மலையின் பெயரோ ஊரின் பெயரோ கூறப்படவில்லை. விரிவாகப் புகழப்பட்ட இருவழியும் செல்லப்படாதன. செல்லப்பட்ட வழியோ படத்தில் வெறுமையாக நிற்கிறது. புலவர் இங்ஙனம் அமைத்தது ஏன் என மாணவர் தாமே வினவுவர். நூலை மட்டும் படித்துச் செல்வார்க்கு இவ்வினா எளிதில் எழுவதில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். கணினி எவ்விடத்தையும் ஒரு புள்ளியாகவே கேட்கும். கவுந்தியடிகளின் பள்ளி போன்ற இடங்களைப் புள்ளியிட்டுக் குறித்தால், ஐயம் துணிபாகத் தோன்றிவிடும். ஆதலின், துணிந்த இடத்தைப் புள்ளியாலும், ஐயத்திற்குரியதை அகன்ற வட்டத்தாலும் காட்டி, ஒவ்வொன்றற்கும் காதையும் அடியெண்ணும் உடன் பதிதல் வேண்டும். ஆற்றின் இன்றைய போக்கே அன்றைய போக்கு எனக் கொள்ளுதலும் கூடாது.

இவ்வாறு வரைந்த படத்தை, உரையோடு ஒத்திட்டு ஆராயுமாறு மாணவரைப் பழக்குதல் ஆசிரியர் கடன். படம் உரைக்கு மாற்றாகாது; உரையை மீண்டும் கூர்ந்து கற்கத் தூண்டுதலே அதன் பயன் என்க.