அணை யாருடையது? பொறுப்பு யாருடையது?

பெரிய அணைகளைப் பற்றிப் பாடப்புத்தகங்களில் படித்திருக்கிறோம். ஆனால் மீன் பிடிக்கவும் படகு விடவும் சிலர் சொந்தமாக வைத்திருக்கும் மண் அணைகளைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை. அத்தகைய அணை ஒன்று ஒரு நகரத்தையே அழித்த வரலாற்றை இங்கே காண்போம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்ற நகரம் உள்ளது. அதற்குச் சுமார் 22 கிலோமீட்டர் மேலே மலைப்பகுதியில் சவுத் ஃபோர்க் அணை இருந்தது. படகுக் கால்வாய்க்கு நீர் தருவதற்காக அரசு கட்டிய அவ்வணை 1853இல் முடிந்தது. பின்னர் அது பலர் கைக்கு மாறியது. இடையில் வாங்கிய ஒருவர், அடியிலிருந்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கி விற்றுவிட்டார். 1879இல் செல்வந்தர்களின் மீன்பிடிச் சங்கம் ஒன்று அதை வாங்கியது.

நம் ஊர் ஏரிக்கு மதகும் கலிங்கும் எவ்வளவு முக்கியம் என்பதை நாம் அறிவோம். மதகு வழியாக நீரைக் குறைக்கலாம். மிகுந்த நீர் கலிங்கு வழியாக வெளியேறும். மண் கரையின் மேல் நீர் வழிந்தால் மண் அரித்து, கரையே உடைந்துவிடும். அச்சங்கமோ குழாய்களை மீண்டும் பொருத்தவில்லை. வண்டிகள் செல்வதற்காகக் கரையின் உயரத்தைக் குறைத்தது. மீன்கள் தப்பாதிருக்கக் கலிங்கில் கம்பி வலை அமைத்தது. கீழேயிருந்த இரும்பு ஆலையின் தலைவர் டேனியல் மோரல் 1880இல் பொறியாளரை அனுப்பிப் பார்த்து எச்சரித்தார். செலவில் பங்கு தரவும் முன்வந்தார். சங்கம் செவிசாய்க்கவில்லை.

1889 மே 31 அன்று பெருமழை பெய்தது. குப்பைகூளம் வலையில் அடைத்தது. தொழிலாளர்கள் மண்வெட்டிகளுடன் போராடியும் பயனில்லை. பிற்பகல் மூன்று மணியளவில் அணை உடைந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வெள்ளம் நகரை அடைந்தது. 2,209 பேர் மாண்டனர். அவர்களில் பச்சிளங் குழந்தைகளும் பலர்.

தொடுக்கப்பட்ட வழக்குகளில் சங்கத்திடமிருந்து எவரும் இழப்பீடு பெறவில்லை. நேர்ந்தது ‘இறைவனின் செயல்’ என்று சொல்லப்பட்டது. மழை இறைவன் தந்ததுதான். ஆனால் குழாயைப் பிடுங்கியதும் வலையை அமைத்ததும் மனிதர் அல்லவா? தன் நிலத்தில் நீரைத் தேக்குபவரே அது தப்பிச் சென்று விளைவிக்கும் கேட்டுக்கும் பொறுப்பு என்று இங்கிலாந்தில் 1868இலேயே தீர்ப்பாகியிருந்தது. ஜான்ஸ்டவுன் துயரத்துக்குப் பின் அமெரிக்க நீதிமன்றங்கள் பலவும் அக்கருத்தை ஏற்கத் தொடங்கின.

எனவே, அணை சிறிதாயினும் உரிமையாளர் அடிக்கடி கரையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். நீர்க்கசிவு, விரிசல், எலி வளை, கரையில் வளரும் மரம் ஆகியவற்றை அலட்சியம் செய்யக் கூடாது. கலிங்கை எப்போதும் அடைப்பின்றி வைக்க வேண்டும். விற்றாலும் வாங்கினாலும் அணையோடு கடமையும் கைமாறுகிறது.

மேலே இருப்பவருக்கு அது பொழுதுபோக்கு. கீழே இருப்பவருக்கோ அது உயிர். நமக்கு உரிமையான எதுவும் பிறருக்குத் தீங்காகாமல் காப்பது நம் கடமை என்பதை நாம் என்றும் மறவாதிருப்போமாக!