கிஃப்ட் எய்ட்

கிஃப்ட் எய்ட் என்பது ஐக்கிய இராச்சியத்தில் தனிநபர்கள் அறக்கொடை நிறுவனங்களுக்கு வழங்கும் பண நன்கொடைகளுக்கு வரிச்சலுகை அளிக்கும் திட்டம் ஆகும். நன்கொடைத் தொகைக்குரிய அடிப்படை வீத வருமான வரியை, அரசு நன்கொடையாளருக்குத் திருப்பித் தராமல், நன்கொடை பெற்ற நிறுவனத்துக்கே வழங்குவது இதன் சிறப்பியல்பு ஆகும்.

வரலாறு

இத்திட்டம் 1990 ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 600 பவுண்டுக்குக் குறைவான நன்கொடைகள் இதில் அடங்கவில்லை. இக்கீழ்வரம்பு பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டு ஏப்ரலில் முற்றாக நீக்கப்பட்டது. இதனால் சிறு தொகை வழங்குவோரும் பயன்பெற முடிந்தது.

செயற்படும் முறை

நன்கொடை, வரி கழிக்கப்பட்ட பின் எஞ்சிய பணமாகக் கருதப்படுகிறது. அடிப்படை வரி வீதம் 20% எனில், 125 பவுண்டு வருமானத்தில் 25 பவுண்டு வரி போக எஞ்சுவது 100 பவுண்டு ஆகும். எனவே ஒருவர் 100 பவுண்டு வழங்கினால், நிறுவனம் 25 பவுண்டை வரித்துறையிடம் கோரிப் பெறும். அதற்கு மொத்தம் 125 பவுண்டு கிடைக்கும். இதற்கு நன்கொடையாளர், தாம் வரி செலுத்துபவர் என்னும் உறுதிமொழியை நிறுவனத்துக்கு அளிக்க வேண்டும்.

நன்கொடையாளர் 40% வீதத்தில் வரி செலுத்துபவராயின், இரு வீதங்களுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தாமே கோரலாம். இது 100 பவுண்டில் அன்றி, 125 பவுண்டில் கணக்கிடப்படும். அதன் 20% ஆகிய 25 பவுண்டு அவருக்குக் கிடைப்பதால், அவரது உண்மையான செலவு 75 பவுண்டு மட்டுமே. இச்சலுகை தானாகக் கிடைப்பதில்லை. வரி அறிக்கை மூலமாகவோ வரித்துறைக்கு அறிவித்தோ கோர வேண்டும்.

நன்கொடையாளரின் பொறுப்பு

ஒருவரின் நன்கொடைகளுக்காக எல்லா நிறுவனங்களும் கோரும் தொகை, அவ்வரியாண்டில் அவர் செலுத்திய வருமான வரி, மூலதன ஆதாய வரி ஆகியவற்றின் கூட்டுத்தொகையை விஞ்சக்கூடாது. விஞ்சினால், வேறுபாட்டை நன்கொடையாளரே அரசுக்குச் செலுத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லாத மாணவர் ஒருவர் உறுதிமொழி அளித்து 100 பவுண்டு வழங்கினால், நிறுவனம் பெற்ற 25 பவுண்டுக்கு அவரே பொறுப்பாவார். உறுதிமொழி பிந்தைய நன்கொடைகளுக்கும் பொருந்துமாறு அளிக்கப்படலாம். ஆகையால், வேலை இழந்தோ ஓய்வு பெற்றோ வரி செலுத்துவதை நிறுத்துபவர் அதனை நிறுவனத்துக்குத் தெரிவித்து, உறுதிமொழியை விலக்கிக்கொள்ள வேண்டும்.