பெட்டியைக் கழற்றுவதற்கு முன்

“ஈசிஎம் போயிருச்சுங்க.” எருமப்பட்டி, நாமக்கல் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் பட்டறையில் கேட்கப் பயப்படும் வார்த்தை இது. புதுப் பெட்டி வாங்கப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆனால் பல நேரங்களில் அது அவசரத் தீர்ப்பு.

ஈசிஎம் என்பது இன்ஜினை நடத்தும் சிறு கணினிப் பெட்டி. இன்ஜின் சுற்றும் வேகம், ஆக்சிலரேட்டர் மிதி, உள்ளே போகும் காற்று, சூடு எல்லாவற்றையும் சென்சார்கள் வழியே கேட்டு, இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும், எத்தனை மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்கிறது. 2020 ஏப்ரல் 1இல் பிஎஸ்-6 விதி வந்தபின் பைக் வரை இது வந்துவிட்டது.

சென்சார்கள் பலவும் வெறும் 5 வோல்ட்டில் இயங்குபவை. கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு லேசாகப் பிடித்தாலே அளவு மாறிவிடும். ஆக்சிலரேட்டர் மிதியில் இரண்டு சென்சார்கள் உண்டு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஈசிஎம் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். மிதித்தாலும் பிக்கப் வராது. உண்மையில் பெட்டி அங்கே தன் கடமையைத்தான் செய்கிறது.

எர்த் ஒயர் இன்னும் பெரிய ஏமாற்றுக்காரன். போல்ட் துருப்பிடித்திருந்தால் வண்டி ஒரு நாள் ஓடும், ஒரு நாள் நிற்கும். ஸ்கேனர் போட்டால் சம்பந்தமே இல்லாத நாலைந்து சென்சார்களின் பெயர் வரும். ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரையும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட் அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

பெட்டியே சாவதும் உண்டு. சூடும் அதிர்வும் சேர்ந்து உள்ளே ஈயப்பற்று விரிசல் விடும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீர் நேராக அடித்தால் ஈரம் இறங்கும். லாரிக்கு பாடி கட்டுவதில் பேர்போன நாமக்கல்லில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது வெல்டிங். பேட்டரியையும் ஈசிஎம் கனெக்டரையும் கழற்றாமல் சேஸிஸில் வெல்டிங் வைத்தால், அந்தக் கரண்ட் பெட்டிக்குள் பாய்ந்து ஒரே நொடியில் அதை முடித்துவிடலாம். கோழித் தீவனக் குடோன் பக்கம் வண்டி நிறுத்துபவர்கள் எலி கடித்த ஒயரையும் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை பட்டறையில் “ஈசிஎம் போச்சு” என்றால், “பேட்டரி, எர்த், 5 வோல்ட் சப்ளை மூன்றையும் அளந்து காட்டுங்க அண்ணா” என்று கேளுங்கள். அளந்து காட்டாதவரிடம் பெட்டியைக் கழற்றக் கொடுக்காதீர்கள்.