அகத்துப் பகையும் அயலார் படையும்

"ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்பது பழமொழி. ஆனால் இரண்டுபட்ட ஊருக்குள் படையோடு புகுந்தவர் கொண்டாட்டத்தோடு திரும்பியது அரிது. லெபனானின் சரித்திரத்தை நோக்கின் இவ்வுண்மை நமக்கு நன்கு புலனாகும்.

இலங்கையின் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே உள்ள அந்நாட்டில், சட்டம் ஏற்றுக்கொண்ட மதப்பிரிவுகள் மட்டும் 18 ஆகும். 1943 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஜனாதிபதி மரோனியக் கிறிஸ்தவர். பிரதமர் சுன்னி முஸ்லிம். சபாநாயகர் ஷியா முஸ்லிம். இதற்கு ஆதாரமாயிருந்தது 1932 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு. மறுபடி எண்ணினால் பங்கு மாறுமே என்னும் அச்சத்தால், அதன்பின் அங்கே அத்தகைய கணக்கெடுப்பு நடைபெறவேயில்லை.

1860 இல் லெபனான் மலையில் துரூசியரும் மரோனியரும் பொருதனர், பல்லாயிரவர் மாண்டனர். கலவரம் டமஸ்கஸ் நகருக்கும் பரவிய வேளையில், அல்ஜீரிய வீரரான அப்துல் காதிர் என்னும் முஸ்லிம் பெருமகன் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் அளித்துக் காத்தார். பிரெஞ்சுப் படை வந்திறங்கியபோதோ கொலைகள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. எனினும் அப்படை தவணை குறித்து வந்தது. 1861 ஜூனில் அகன்றது. லெபனானியரல்லாத கிறிஸ்தவர் ஒருவரை ஆளுநராக்கும் ஏற்பாடும் அவ்வாண்டே உருவாயிற்று. அதன் பயனாக அரை நூற்றாண்டு அமைதி நிலவியது.

1958 இல் ஜனாதிபதி கமீல் ஷமூனின் வேண்டுகோளின்பேரில் ஐக்கிய அமெரிக்கப் படையினர் சுமார் 14,000 பேர் வந்தனர், ஒக்டோபரில் திரும்பினர். ஆயினும் பூசலைத் தணித்தது அவர்தம் பீரங்கியன்று. எப்பக்கத்தார்மீதும் இராணுவத்தை ஏவ மறுத்த தளபதி புவாத் ஷிஹாபை இருசாராரும் ஜனாதிபதியாக ஏற்றமையே அதனைத் தணித்தது.

1975 இல் மூண்ட உள்நாட்டு யுத்தத்திலேதான் அயலாரின் சங்கடம் முழுமையாக வெளிப்பட்டது. 1982 ஓகஸ்டில் அமெரிக்க, பிரெஞ்சு, இத்தாலியப் படைகள் பெய்ரூத்துக்கு வந்து, பாலஸ்தீனப் போராளிகள் வெளியேறத் துணைநின்றன. பணி முடிந்ததென விரைவிலேயே நீங்கின. சில நாட்களுள், ஜனாதிபதியாகத் தெரிவாகியிருந்த பஷீர் ஜெமாயல் கொல்லப்பட்டார். இஸ்ரேலியப் படை மேற்குப் பெய்ரூத்தினுள் நுழைந்தது. சப்ரா, ஷத்திலா அகதி முகாம்களிலே நிராயுதபாணிகளான மக்களைக் கிறிஸ்தவ ஆயுதக் குழுவினர் கொன்று குவித்தனர். விரைந்து நீங்கியதால் வந்த பழி இது.

மூன்று படைகளும் மீண்டும் வந்தன. இம்முறை அவை நீடித்து நின்றன. 1983 செப்டம்பரில் அமெரிக்கக் கப்பல்கள் லெபனான் இராணுவத்துக்கு ஆதரவாகக் குண்டு பொழிந்தன. அன்றோடு நடுவர் என்ற பெயர் போயிற்று. எதிரி என்ற பெயர் வந்தது. ஒக்டோபர் 23 ஆந் திகதி வெடிமருந்து வாகனங்கள் மோதியதில் 241 அமெரிக்கரும் 58 பிரெஞ்சு வீரரும் மடிந்தனர். அடுத்த ஆண்டே படைகள் யாவும் அகன்றன. ஆனால் 1976 இல் நுழைந்த சிரியப் படையோ, 1989 இல் தாயிப் நகரில் சமரசம் கண்ட பின்னரும் நீங்காது, 2005 வரை நிலைகொண்டது.

ஆகவே, அந்நியப் படை போவதா, இருப்பதா என்பது மட்டும் கேள்வியன்று. அது எத்தவணைக்கு வருகிறது, எவருக்கும் சாயாது நிற்குமா, அது நீங்குமுன் உள்ளூரார் தம்முள் ஓர் உடன்பாடு காண்பரா என்பனவே கேள்விகள். முதலிரண்டும் வருவோர் கையிலுள்ளன. மூன்றாவதை எந்தப் படையும் கப்பலில் ஏற்றிவர இயலாது. அது அயல்வீட்டாரோடு கூடி வாழவேண்டியவர்களின் கடனேயாம்.