பொம்மை விமானமும் ஒரு வால்வும்

பழைய விளையாட்டுப் பொருள்களைச் சேர்த்து வைக்கும் வழக்கம் எங்கள் இருவருக்கும் நெடுநாளாக உண்டு. தகர விமானங்கள், சாவி கொடுத்தால் ஓடும் கார்கள், கட்டைவிரல் பருமனே உள்ள மாதிரி விமான எஞ்சின்கள் என வீட்டில் இரண்டு அலமாரிகள் நிறைந்திருக்கின்றன. பேரனோடு இம்மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தங்கியிருந்த நாள்களில், அவற்றுள் சிலவற்றை இங்குள்ள பிள்ளைகளும் கையிலெடுத்து விளையாடியதுண்டு. சென்ற கோடையில் உறவினரைக் காண லண்டன் சென்றபோது, ஒரு நாளை ஒதுக்கி, சிறுவர் எழுத்தாளர் ரோல்ட் டால் வாழ்ந்த கிரேட் மிஸ்ஸெண்டன் என்னும் சிற்றூருக்குப் போய் வந்தோம்.

அவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம் அவருடைய கதைகள் மட்டும் அன்று. எங்கள் பேரனுக்கு மூன்று மாதத்தில் தலையில் நீர் தேங்கும் நோய் கண்டறியப்பட்டு, ஷன்ட் என்னும் வடிகுழாய் பொருத்தப்பட்டது. அக்குழாயின் வரலாற்றில் ஒரு கதாசிரியருக்கும் ஒரு பொம்மை எஞ்சின் வல்லுநருக்கும் பங்குண்டு என்பதைப் பின்னாளில் படித்தபோது எங்களுக்கு உண்டான வியப்பு இன்னும் தீரவில்லை.

லண்டன் மேரிலிபோன் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறத்தாழ நாற்பது நிமிடப் பயணம். நிலையத்தை விட்டு இறங்கினால் ஒரே ஒரு கடைத்தெரு. 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டால் அருங்காட்சியகம் அத்தெருவிலேயே உள்ளது. தோட்டத்துக் குடிலொன்றில் அமர்ந்துதான் அவர் எழுதுவார். அக்குடிலின் உட்புறத்தை அப்படியே பெயர்த்துக் கொணர்ந்து இங்கே அமைத்திருக்கிறார்கள். 1940இல் லிபியப் பாலைவனத்தில் அவர் ஓட்டிய போர் விமானம் விழுந்ததில் முதுகுத்தண்டு பழுதுபட்டது. வலிக்கும் இடம் அழுந்தாதிருக்க நாற்காலியின் முதுகுப் பகுதியில் துளை வெட்டி வைத்திருக்கிறார். மேசைமேல் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட அவருடைய இடுப்பெலும்பு மூட்டின் முனை; அருகில், இளமையில் தின்ற சாக்லேட்டுகளின் வெள்ளித்தாளை நாள்தோறும் சுற்றிச் சுற்றிச் செய்த கனத்த உருண்டை. சேகரிப்பாளர் என்ற முறையில் எங்களைவிட அவர் ஒருபடி மேல் என்பதை ஒப்புக்கொண்டோம்.

1960 டிசம்பரில், நியூயார்க் நகரில், நான்கு மாதமே ஆன அவருடைய மகன் இருந்த தள்ளுவண்டியை ஒரு டாக்சி மோதியது. குழந்தையின் மூளையைச் சூழ்ந்து நீர் தேங்கிற்று. அதை வடிக்க வைத்த குழாயின் வால்வு அடிக்கடி அடைத்துக்கொள்ள, ஒவ்வொரு முறையும் பார்வை மங்கி, மீண்டும் அறுவை சிகிச்சை நடந்தது. மனம் பொறாத டால், மாதிரி விமானங்களுக்கு எரிபொருள் செலுத்தும் நுண்ணிய பம்புகளைச் செய்துவந்த ஸ்டான்லி வேட் என்னும் பொறியாளரை நாடினார். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் நரம்பியல் அறுவை மருத்துவர் கென்னத் டில்லும் அவர்களோடு சேர்ந்தார்.

அவர்கள் செய்த வால்வின் அமைப்பு எளியது. சிறு ரப்பர்க் குழாயின் இரு முனைகளிலும் உலோகக் கூடு; ஒவ்வொரு கூட்டினுள்ளும் ஒரு மெல்லிய உலோகத் தட்டு. உள்ளிருந்து நீர் அழுத்தும்போது தட்டு விலகி வழிவிடும். எதிர்த்திசையில் அழுத்தம் வந்தால் தானே மூடிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டு அடைக்கும் பிளவு எதுவும் அதில் இல்லை. 1962இல் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட இதைப் பற்றி 1964இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் டில் எழுதினார். மூவரும் இதில் இலாபம் எடுப்பதில்லை என முடிவு செய்தனர். இதைவிடச் சிறந்தவை வரும் வரையில் 2,000 முதல் 3,000 குழந்தைகளுக்கு இது பொருத்தப்பட்டதாகக் கூறுவர். வால்வு உருவானபோது டாலின் மகன் ஓரளவு தேறிவிட்டதால், அவனுக்கு அது தேவைப்படவேயில்லை.

இன்றைய ஷன்டுகள் எவ்வளவோ மேம்பட்டவை. ஆயினும் அவையும் அடைபடலாம். எங்கள் பேரனுக்கு இரண்டு வயதில் அவ்வாறு ஆனது. காலையில் வாந்தி எடுத்தான். பகல் முழுதும் தூங்கி வழிந்தான். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி நாங்களே அரைநாளை வீணாக்கினோம். ஷன்ட் உள்ள பிள்ளைக்குத் தலைவலி, தொடர் வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் அல்லது எரிச்சல், பார்வை மாற்றம், கைக்குழந்தையாயின் உச்சிக்குழி புடைத்தல் ஆகியவை தோன்றினால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

கடைத்தெருவில், ‘டேனி’ கதைக்கு வித்திட்ட சிவப்புப் பெட்ரோல் பம்புகளைப் பார்த்துவிட்டு, மேட்டிலுள்ள தேவாலயத்துக்கு ஏறினோம். டால் 1990இல் மறைந்து அங்கே அடக்கமானார். யூதர்களைப் பற்றி அவர் கூறிய கடுஞ்சொற்களுக்காக அவருடைய குடும்பத்தார் 2020இல் மன்னிப்புக் கேட்டனர் என்பதை அறிவோம். அவரை முழுதும் போற்றுவதற்காக நாங்கள் செல்லவில்லை. புல்வெளியில் பதித்த பெரிய காலடித் தடங்கள் கல்லறைக்கு வழிகாட்டுகின்றன. பிள்ளைகள் அங்கே பொம்மைகளை விட்டுச் செல்வது வழக்கம்.

எங்கள் பையில் இரண்டு தகர விமானங்கள் இருந்தன. ஒன்று பழுதற்ற சிவப்பு விமானம். மற்றொன்று வண்ணம் உரிந்தது. “நல்லதைத்தான் வைக்க வேண்டும், தாத்தா” என்று பேரன் சொல்லி அனுப்பியிருந்தான். இரண்டாவதை எடுத்து வந்தது சேகரிப்பாளனின் அற்பத்தனம். சற்றே தயங்கி, சிவப்பு விமானத்தையே வைத்தோம்.

பிறகு வயல் வழியே லிட்டில் மிஸ்ஸெண்டனுக்கு நடந்தோம். டாலின் மூத்த மகள் ஒலிவியா அங்குள்ள தேவாலயத் தோட்டத்தில் உறங்குகிறாள். 1962 நவம்பரில், ஏழு வயதில், தட்டம்மை மூளையைத் தாக்கி இறந்தாள். தடுப்பூசி அப்போது கிடையாது. பிரிட்டனில் அது 1968இல்தான் வந்தது. பிற்காலத்தில் டால், பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடும்படி பெற்றோரை வேண்டி எழுதினார். ‘பி.எஃப்.ஜி.’ நூலை அவளுக்கே உரித்தாக்கினார்.

அவள் முன் வைக்க எங்களிடம் வண்ணம் உரிந்த விமானம் மட்டுமே இருந்தது. ஒரு சிறுமிக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. அது இப்போது பேரனின் மேசைமேல் இருக்கிறது. அதற்குச் சிவப்பு வண்ணம் பூசப் போவதாகச் சொல்கிறான்; பழம்பொருளுக்குப் புது வண்ணம் பூசுவது எங்கள் வட்டத்தில் பெருங்குற்றம், எனினும் நாங்கள் தடுக்கவில்லை.